பள்ளி மாணவர்களுக்குச் சூதாட்டத்தின் ஆபத்துகளை எப்படிச் சொல்லித் தருவது? சொல்லித் தருவதே ஆர்வத்தைத் தூண்டிவிடாதா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்களும் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்றை நடத்தும்படி தலைமையாசிரியர் உங்களிடம் ஒப்படைத்திருக்கலாம். ஏதாவது வில்லங்கமாகிவிடுமோ என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். நான் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. மனநலம் படித்தவள் அல்லள். வகுப்பறையில் செய்து பார்த்ததையும் அதனால் நேர்ந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆர்வம் ஏற்கெனவே தூண்டப்பட்டுவிட்டது. ஐபிஎல் தொடங்கிவிட்டால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இடைவேளையில் எந்த அணிக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். சிவப்பா பச்சையா என்று நிறத்தைச் சொல்லிப் பணம் கட்டும் 'கலர் கேம்' எதில் கிடைக்கும், எந்த டெலிகிராம் குழுவில் 'டிப்ஸ்' வரும், நண்பனைச் சேர்த்துவிட்டால் எவ்வளவு கமிஷன் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதிருப்பவர்கள் நாமும் பெற்றோரும்தான். ஆகவே, பேசாமல் இருந்தால் பிள்ளைகள் அறியாமலேயே வளர்ந்துவிடுவார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான். காலை வணக்கக் கூட்டத்தில் ஓர் அதிகாரி வந்து பேசுவார். பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். புகைப்படம் எடுத்து இணையத்தில் ஏற்றியதும் அந்த ஆண்டின் விழிப்புணர்வு முடிந்துவிடும். புகைப்படம் ஏற்றுவதற்கு ஆசிரியர் செலவிடும் நேரத்தில் ஒரு பாடவேளையை ஒழுங்காக நடத்திவிடலாம் என்ற ஆற்றாமை எனக்கு நெடுநாளாக உண்டு. அதைவிட என்னைக் கலங்க வைப்பது, அந்தக் கூட்டங்களில் கடன் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை வரிசையாகச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்தும் பழக்கம். நானூறு பேர் நிற்கும் மைதானத்தில் ஏற்கெனவே பணத்தைத் தோற்றுவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையாவது இருக்கும். பணம் போனவருக்கு இதுதான் முடிவு என்று அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பேசுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. நம்முடைய பாடம் முதலில் அந்தப் பிள்ளைக்காக இருக்க வேண்டும். ஆடாதவர்களைத் தடுப்பது அதற்கு அடுத்த வேலைதான்.

என்னுடைய வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் எட்டாவது பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். அதை முடித்த கையோடு ஒரு துணிப்பையில் 20 சீட்டுகளைப் போடுகிறேன். 9 சிவப்பு, 9 பச்சை, 2 ஊதா. ஒவ்வொருவருக்கும் 20 புளியங்கொட்டை. ஒரு மாணவி எவர்சில்வர் கிண்ணத்தோடு வங்கியாக உட்கார்ந்துகொள்வாள். சிவப்பின் மீதோ பச்சையின் மீதோ விருப்பம்போல் கட்டலாம். சொன்ன நிறம் வந்தால் கட்டிய அளவு கூடுதலாகக் கிடைக்கும். ஊதா வந்தால் எல்லாமே கிண்ணத்துக்குப் போய்விடும். எடுத்த சீட்டைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்கிவிட்டு அடுத்த சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கட்டினோம், என்ன வந்தது, கையில் மீதம் எவ்வளவு என்று குறிப்பேட்டில் மூன்று பத்தியாக எழுதிக்கொண்டே வர வேண்டும்.

கணக்கு எளிமையானது. சிவப்பின் மீது ஒவ்வொன்றாக 20 முறை கட்டினால் சராசரியாக 9 முறை வெற்றி, 11 முறை தோல்வி. இரண்டு புளியங்கொட்டை வங்கிக்கு. பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். அந்த வகுப்பில் உண்மையாகப் பார்க்க வேண்டியது முதல் பத்தியைத்தான். ஒன்று, ஒன்று, இரண்டு என்று கட்டிக்கொண்டிருந்த பிள்ளை, தொடர்ந்து தோற்றதும் ஐந்து என்றும் எட்டு என்றும் கட்டத் தொடங்குகிறது. எல்லாம் போனதும் பக்கத்துப் பெஞ்சில் கடன் கேட்கிறது. "நாலு குடுடா, ஜெயிச்சதும் ஆறாத் திருப்பித் தர்றேன்" என்று ஒருவன் சொன்ன இடத்தில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். மண்ணில் பொறுக்கிய கொட்டைக்கு யாரும் சொல்லித் தராமலே வட்டி பேசினானே, அதைப் பற்றித்தான் மீதி வகுப்பு முழுவதும் பேசினோம். தோற்கத் தோற்கச் சூதின் மீது ஆசை கூடும் என்று சொல்லும் 940ஆம் குறளை அந்த வாரமே நடத்தும்படி தமிழாசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். தங்கள் குறிப்பேட்டின் முதல் பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அந்தக் குறளைப் படித்தார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பான். அதற்கு நீங்கள் தயாராகப் போக வேண்டும். "டீச்சர், தோத்தா அடுத்த தடவை ரெண்டு மடங்காக் கட்டிட்டே போனா, என்னைக்காவது ஒரு தடவை ஜெயிச்சுத்தானே ஆகணும்? போனதெல்லாம் வந்துருமே?" இந்தக் கேள்வியை அடக்கக் கூடாது. டெலிகிராம் குழுக்களில் விற்கப்படும் 'டிப்ஸ்' பலவற்றுக்கும் அடிப்படை இதுதான். இரண்டாவது பாடத்தில் படித்த பெருக்குத் தொடர்வரிசையைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன்: 10, 20, 40, 80, 160, 320, 640. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போன தொகை 1,270 ரூபாய். எட்டாவது முறை 1,280 கட்டி வென்றாலும் கையில் நிற்கும் லாபம் வெறும் 10 ரூபாய். தொடர்ந்து ஏழு முறை தோற்பது அபூர்வம் என்று அவன் வாதிட்டான். எங்கள் பையின் கணக்குப்படி ஒரு முறை தோற்பதற்கான வாய்ப்பு 20இல் 11, அதாவது 0.55; அதை ஏழு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.015 வருகிறது, அதாவது இப்படி ஆரம்பிக்கும் 66 வரிசைகளில் ஒன்று ஏழு தோல்வியில் போய் முடியும். மற்ற 65 வரிசைகளிலும் வென்றால் சேருவது 650 ரூபாய். அந்த ஒன்றில் போவது 1,270 ரூபாய். சாக்பீஸை அவனிடமே கொடுத்துக் கடைசி வரியை எழுதச் சொன்னேன்.

கணக்குப் போட்டுக் காட்டினால் போதும் என்று நான் சொல்லவில்லை. இதை வாசிக்கும் கணித ஆசிரியர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சூதாட்டத்தின் கணிதத்தைக் கற்பித்து, அதன் விளைவை 2006இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் கணக்கில் தேறினார்கள், சூதாடுவது குறையவில்லை. அதே மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளிகளில், கணக்கோடு சேர்த்து மனம் செய்யும் தவறான ஊகங்கள், முடிவெடுக்கும் பழக்கம், அடிமையாவதன் அறிகுறிகள் ஆகியவற்றையும் சொல்லித் தந்த ஒரு திட்டத்தின் முடிவு 2010இல் வந்தது. அதில் சில மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோதும் மாணவர்கள் சூதாடுவது குறைந்திருந்தது. எண்ணைக் காட்டிவிட்டு நிறுத்திவிடாமல், தோற்றபோது மனம் என்ன செய்தது என்று பிள்ளையையே கேட்க வேண்டும் என்பது என் அனுபவமும்கூட.

இனி, இந்தப் பதிலை என்னை எழுத வைத்த சம்பவம். ஓர் ஆண்டு அந்த வகுப்பு முடிந்து குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாத ஒரு மாணவனின் ஏட்டில் மூன்று பத்திகளும் ஒழுங்காக இருந்தன. பக்கத்தின் அடியில் பென்சிலால், அழித்து எழுதிய தடத்தோடு, "எனக்கு நிஜமாவே 4,300 போயிருச்சு டீச்சர். அம்மாவுக்குத் தெரியாது" என்று இருந்தது. மறுநாள் தனியே அழைத்துப் பேசினேன். தெருவில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன் தன் கமிஷனுக்காக இவனைக் கலர் கேமில் சேர்த்துவிட்டிருக்கிறான். சேரும்போது கிடைத்த போனஸைக் கையில் எடுக்க வேண்டுமானால் மேலும் பணம் கட்டி ஆட வேண்டும் என்று நிபந்தனை. தாயின் கைப்பேசி, தாயின் பின் நம்பர். போனது மகளிர் குழுவுக்குக் கட்டுவதற்காக அவர் எடுத்து வைத்திருந்த தவணைப் பணம். தவணை நாள் நெருங்க நெருங்க, போனதை மீட்டுவிடலாம் என்று மேலும் கட்டியிருக்கிறான்.

அந்தத் தாய் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை பார்ப்பவர். நான் சொல்லச் சொல்லத் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காசு போனாப் போகுதுங்க டீச்சர். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இத்தனை நாளா சோறு எறங்காமத் திரிஞ்சிருக்கானே, அதுதானுங்க தாங்க முடியல" என்றார். அடிக்க மாட்டேன் என்று என்னிடம் வாக்குக் கொடுத்தார். குழுத் தலைவியிடம் அவரே போய் நடந்ததைச் சொல்ல, மற்ற பெண்கள் சேர்ந்து அந்த மாதத் தவணையைச் சமாளித்துக் கொடுத்தார்கள். போன பணம் திரும்ப வரவில்லை.

பள்ளியில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, "டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும்" என்று ஆசிரியர் அறையிலேயே குரல் எழுந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். உண்மையை எழுதிக் கொடுத்தவனுக்கு டிசி கிடைத்தால், அடுத்து எழுத நினைக்கும் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடும். அவன் அதே பள்ளியில் தேர்வெழுதி வெளியேறினான். ஆனால் அதற்காக நான் வாதாட வேண்டியிருந்தது என்பதே என்னை வருத்துகிறது. நகலெடுத்தவனையும் சண்டை போட்டவனையும் மன்னிக்கத் தெரிந்த பள்ளிகளுக்கு, பணத்தைத் தோற்றுவிட்டு வந்து நிற்கும் பிள்ளையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அதுதான் சட்டமே தடை செய்துவிட்டதே, இனி எதற்குப் பாடம்?" என்று சிலர் கருத்திடுவார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது 2003இல். மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி நாளிதழ்களில் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. மாநிலத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்றிருக்கிறது. அதைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மிரண்ட பிள்ளை மறைக்கத்தான் செய்யும்.

புளியங்கொட்டை வைத்து ஆட விடுவதே சூதாட்டப் பயிற்சிதானே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வென்ற பிள்ளைக்குப் பரிசில்லை, பாராட்டும் இல்லை; கொட்டைகளையெல்லாம் எண்ணித் திரும்ப வாங்கிவிடுகிறேன்; ஆட்டம் பத்து, பன்னிரண்டு சுற்றுக்கு மேல் போகாது; குறிப்பேடு எழுதாமல் யாரும் கட்ட முடியாது. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றுத்தான் செய்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், கைப்பேசியின் பின் நம்பரைப் பிள்ளைக்குத் தெரியாதபடி மாற்றவும், வாரம் ஒருமுறை கணக்கு விவரத்தைப் பார்க்கவும் அங்கேயே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். படிக்காத தாய்மார் பலர் பிள்ளையைக் கேட்டுத்தான் பணமே அனுப்புகிறார்கள். பணம் பறிபோனால் புகார் சொல்ல 1930, மனம் உடைந்து போனால் பேச 14416, பிள்ளைகளின் எந்த அவசரத்துக்கும் 1098. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எட்டாம் வகுப்புக்கு எடுப்பதாக இருந்தால் பெருக்குத் தொடர்வரிசையை விட்டுவிடுங்கள். பையும் குறிப்பேடும் போதும். ஒன்பதாம் வகுப்பு என்றால் அவர்களுக்கே நிகழ்தகவுப் பாடம் உண்டு. அதன் முடிவில் இதை வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் ஐபிஎல் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். குறிப்பேடுகளை மாணவர்களைக் கொண்டு அடுக்க வைக்காமல் நீங்களே நேரில் வாங்கி, நீங்களே திருத்துங்கள்.