முதல் இ-சிகரெட்டாக எதை வாங்குவது? புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். வேலைக்காக இங்கிலாந்து வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஊரில் இருந்த காலம் முதலே தினமும் 15 சிகரெட் வரை பிடிக்கிறீர்கள். இங்கே ஒரு பாக்கெட் 15 பவுண்டுக்கும் மேல் விற்பதால் கட்டுப்படியாகவில்லை. இ-சிகரெட்டுக்கு மாறலாம் என்று கடைக்குப் போனால், சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் கருவிகளில் எது எதற்கு என்றே விளங்கவில்லை. உடன் வேலை செய்பவர் ஒருவர் தம்முடைய பழைய பெரிய கருவியைச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இதைக் கையோடு கொண்டுபோகலாமா என்பதும் தெரிய வேண்டும்.

நண்பரின் கருவியை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். காரணத்தை விளக்க, கருவியைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு நிக்கோடினிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கடையில் பேச்சு பெரும்பாலும் கருவியிலிருந்துதான் தொடங்கும். நிறம், திரை, விளக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள். புதிதாக வந்த நம்மவர்கள் ஆர்வத்தோடு மாறுவதையும், சில வாரங்களிலேயே மீண்டும் சிகரெட்டுக்குத் திரும்புவதையும் இங்கே பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். திரும்பியவர்களில் பலர் வாங்கிய கருவியில் குறை இருக்கவில்லை. அதில் ஊற்றிய திரவத்தில் நிக்கோடின்தான் போதவில்லை.

புகையிலை எரியும்போது உண்டாகும் தாரும், கார்பன் மோனாக்சைடும், அவற்றோடு சேர்ந்து வரும் நச்சுப் பொருள்களுமே நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கின்றன. நிக்கோடின் நம்மைப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்; ஆனால் புகைப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்க்கு அது முதன்மைக் காரணமன்று. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகிறது, அவ்வளவுதான். இதனால் அது தீங்கற்றது என்று ஆகிவிடாது. நீண்ட காலப் பயன்பாட்டின் விளைவுகள் இன்னும் முழுமையாக அறியப்படவில்லை. சிகரெட்டே பிடிக்காத ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். நீங்கள் தினமும் 15 பிடிப்பவர் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

2019இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். புகைப்பதை நிறுத்த விரும்பிய 886 பேரில் ஒரு பாதியினருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றையும், மற்றப் பாதியினருக்கு இ-சிகரெட்டையும் கொடுத்து, இரு தரப்பினருக்கும் ஆலோசனையும் வழங்கினார்கள். ஓராண்டுக்குப் பிறகு சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் தரப்பில் 9.9 விழுக்காடு, இரண்டாம் தரப்பில் 18 விழுக்காடு. நம் கேள்விக்கு முக்கியமானது, அவர்களுக்குக் கொடுத்தது என்ன என்பதுதான்: மீண்டும் நிரப்பிக்கொள்ளக்கூடிய எளிய கருவி ஒன்று, அதற்கு ஒரு மில்லி லிட்டருக்கு 18 மில்லி கிராம் நிக்கோடின் உள்ள ஒரு பாட்டில் திரவம். அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இ-சிகரெட்டின் துணையால் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழிந்தும் இ-சிகரெட்டை விடவில்லை. இறங்கும் வழியையும் யோசித்துக்கொண்டே ஏறுங்கள்.

பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராம். சில பாட்டில்களில் இதை 2 விழுக்காடு என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். நாளொன்றுக்கு 15 சிகரெட் பிடிப்பவர் இந்த 20இலிருந்தே தொடங்குவது நல்லது. குறைவாகத் தொடங்குவதுதான் நல்ல பிள்ளைத்தனம் என்று நினைத்து 3 அல்லது 6 வாங்குபவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் கை தானாகச் சட்டைப் பையைத் தேடும். 20 என்று வாங்கும்போது நிக்கோடின் சால்ட் என்று குறிப்பிட்டிருக்கும் வகையைக் கேளுங்கள். சாதாரண நிக்கோடின் அந்த அளவில் தொண்டையைக் கமறவைக்கும். அமிலம் சேர்த்த சால்ட் வகை இதமாக இறங்கும்.

நண்பரின் கருவி ஏன் கூடாது என்பது இப்போது விளங்கும். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் அது மின்தடை அரை ஓமுக்கும் குறைவான காயிலை, அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளைப் போட்டு, 50 வாட்டுக்கு மேல் வைத்து, ஆவியை நேராக நெஞ்சுக்குள் இழுப்பதற்கான கருவி. ஒவ்வோர் இழுப்பிலும் மண்டிக்கொண்டு ஆவி வரும் என்பதால் அதற்கு 3 மில்லி கிராம் திரவமே பொருத்தம். அதில் 20ஐ ஊற்றினால் நாலைந்து இழுப்பிலேயே தலை சுற்றும், குமட்டும். 3ஐயே ஊற்றினாலோ, ஒரு நாளில் பாட்டில் பாட்டிலாகத் திரவம் கரையும். போகும் இடமெல்லாம் மேகம் சூழும். தவிரவும், அதில் கழற்றி மாட்டும் 18650 என்ற உருளை வடிவ பேட்டரிகள் இருக்கும். மேலுறை கிழிந்த பழைய பேட்டரியைச் சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டு நடப்பது தீ விபத்துக்கு வழி.

சிகரெட் பிடிப்பவர் புகையை முதலில் வாயில் வாங்கிப் பிறகு உள்ளே இழுக்கிறார். அந்தப் பழக்கத்துக்கு ஒத்துவருவது பாட் கிட் எனப்படும் சிறிய கருவிதான். உள்ளங்கைக்குள் அடங்கும், பேட்டரி உள்ளேயே இருக்கும், மேலே 2 மில்லி லிட்டர் திரவம் பிடிக்கும் பாட் என்ற சிறு கூடு செருகியிருக்கும். பொத்தான்கூட வேண்டியதில்லை, இழுத்தாலே இயங்கும். காயில் 0.8 ஓமுக்கும் 1.2 ஓமுக்கும் இடையில் இருக்கிறதா, காற்று வரும் துளையைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, அதற்கான மாற்றுப் பாட்கள் அதே கடையில் எப்போதும் கிடைக்கின்றனவா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் இரண்டு வாரத்தில் உங்களுக்குத் தேவைப்படப்போவது அதுதான். வாட்டை மாற்றும் திரை, வண்ண விளக்கு எல்லாம் உங்களுக்கு வேண்டாத செலவு.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களின் (வேப் என்பதும் இ-சிகரெட்தான்) விற்பனை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுவதும் தடைசெய்யப்பட்டுவிட்டது. எங்காவது மூலைக்கடையில் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 5 விழுக்காடு என்றோ 50 மில்லி கிராம் என்றோ அச்சிட்டிருந்தால் அது இந்தச் சந்தைக்கான பொருளே அல்ல. இங்கே சட்டப்படி விற்கும் ஒவ்வொரு நிக்கோடின் திரவமும் எம்.எச்.ஆர்.ஏ. என்ற மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் முன்னரே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். பாட்டில் 10 மில்லி லிட்டருக்கு மிகக் கூடாது. குழந்தைகள் திறக்க முடியாத மூடி இருக்க வேண்டும். திரவம் நிரப்பியே வரும் பாட்களும் கிடைக்கின்றன. கை நடுங்கும், ஊற்றத் தெரியாது என்பவர்களுக்கு அவை வசதி, ஆனால் மில்லி லிட்டர் கணக்குப் பார்த்தால் விலை கூடுதல். 2026 அக்டோபர் 1 முதல் எந்த வகைத் திரவத்துக்கும் 10 மில்லி லிட்டருக்கு 2.20 பவுண்டு புதிய வரி வேறு உண்டு. ஆகவே நாமே நிரப்பும் வகையைத்தான் சொல்வேன்.

திரவத்தில் பி.ஜி. (புரொப்பிலீன் கிளைகால்), வி.ஜி. (வெஜிடபிள் கிளிசரின்) என்று இரண்டு அடிப்படைப் பொருள்கள் இருக்கும். சிறிய கருவிக்கு இரண்டும் பாதிக்குப் பாதி உள்ளதாக வாங்குங்கள், வி.ஜி. 70 விழுக்காடு உள்ள திரவம் கெட்டியாக இருப்பதால் சிறிய காயிலின் பஞ்சு அதை வேகமாக உறிஞ்சாது. சுவை உங்கள் விருப்பம். புகையிலைச் சுவைதான் இயல்பாக இருக்கும் என்று பலரும் தொடங்குவார்கள்; அது சிகரெட்டை நினைவூட்டுமே தவிர சிகரெட்டாக இராது என்பதால் புதினா அல்லது பழச் சுவைக்கு விரைவில் தாவிவிடுவார்கள். ஒரு சுவையில் ஒரு பாட்டில், வேறொரு சுவையில் இன்னொன்று என்று இரண்டு மட்டும் வாங்கிப் பாருங்கள்.

முதல்முறை நிரப்பும்போது அவசரம் கூடாது. பாட்டைக் கருவியிலிருந்து உருவி எடுத்தால் பக்கவாட்டில் சிறிய ரப்பர் அடைப்பு ஒன்று தெரியும். அதை நகத்தால் நெம்பித் திறந்து, பாட்டிலின் மெல்லிய முனையைத் துளைக்குள் வைத்து, மெதுவாக அழுத்துங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிட்டு அடைப்பை இறுக மூடுங்கள். நிரப்பியவுடன் இழுக்கக் கூடாது. காயிலுக்குள் இருக்கும் பஞ்சு திரவத்தைக் குடித்து ஊறுவதற்குப் பத்து நிமிடம் தர வேண்டும். காய்ந்த பஞ்சில் சூடு பட்டால் கருகிய நெடி தொண்டையில் அறையும்; அந்த நெடி வந்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் போகாது, அந்தக் காயில் அத்தோடு சரி. பிறகும், திரவம் அடியில் வற்றும்வரை விடாமல் அவ்வப்போது நிரப்பிக்கொள்ளுங்கள். சுவை மங்கிக் கருகல் வாடை எட்டிப்பார்க்கும்போது பாட்டை மாற்றிவிடலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் வரும். இனிப்பு மிகுந்த திரவம் என்றால் அதற்கும் முன்பே போய்விடும். கையில் திரவம் பட்டால் உடனே கழுவுங்கள், நிக்கோடின் தோல் வழியாகவும் இறங்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இழுக்கும் விதமும் வேறு. சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுத்தால் திரவம் வாய்க்கு வந்துவிடும், இருமலும் வரும். குழலில் இளநீர் குடிப்பதுபோல மூன்று நான்கு வினாடி நிதானமாக இழுங்கள். சிகரெட்டில் ஏறும் வேகத்தில் இதில் நிக்கோடின் ஏறாது. ஆதலால் ஒரே மூச்சில் முடித்துவிடாமல், நாள் முழுவதும் இடைவெளி விட்டுச் சிற்சில இழுப்புகளாகப் பிடிக்கலாம். முதல் சில நாட்களில் வாய் உலரும், தொண்டை கரகரக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலியோ குமட்டலோ வந்தால் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஓரிரு வாரம் சிகரெட்டும் இதுவுமாக ஓடினால் பரவாயில்லை, ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொண்டால் உடலுக்கு லாபம் ஒன்றுமில்லை. சிகரெட் முற்றிலும் நின்று சில மாதங்கள் ஆனபின், 20இலிருந்து 10க்கும், அதிலிருந்து 5க்கும் இறங்கி, பிறகு விட்டுவிடலாம். அவசரப்பட்டு இறங்கிச் சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட, தாமதமாக இறங்குவதே மேல்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதியில் புகைநிறுத்த ஆலோசனைச் சேவை இருக்கும், இலவசம், என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டாலே தெரிந்துவிடும். 2023இல் இங்கிலாந்து அரசு பத்து லட்சம் புகைப்பவர்களுக்குத் தொடக்க வேப் கருவியை இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. சில ஊர்களில் இந்தச் சேவைகளே கருவியைக் கொடுக்கின்றன. உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. விசாவில் வந்தவர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். மருத்துவக் கூடுதல் கட்டணத்தை விசாவோடு சேர்த்து முன்னரே கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். ஓலான்சபின், குளோசபின், தியோஃபிலின் போன்ற மருந்து ஏதாவது எடுத்துக்கொள்பவராக இருந்தால், சிகரெட்டை நிறுத்துவதற்கு முன் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகை நின்றவுடன் இவை உடலில் கூடுதலாகத் தங்கும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

வாடகை அறையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒப்பந்தத்தில் வேப்பிங்கும் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆவி பட்டாலும் புகை எச்சரிக்கை மணி அலறக்கூடும். இங்கே இரயிலிலும் பேருந்திலும் அனுமதியில்லை. அலுவலகத்தில் அவரவர் விதி. சார்ஜ் செய்வதைத் தூங்கும்போது செய்யாதீர்கள். பழுதான கருவியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொள்வது அவர்கள் கடமை.

ஊருக்குக் கொண்டுபோகும் விஷயத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இந்தியாவில் 2019இல் வந்த சட்டம் இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, சேமித்து வைப்பது, இறக்குமதி செய்வது அனைத்தையும் தடுக்கிறது. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி ஆகியவற்றில் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தப் பயன்பாட்டைச் சட்டம் தனியே குறிப்பிடவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் அந்த வாதத்தைச் சுங்க அதிகாரியின் மேசை முன்னால் நின்று செய்ய நேர்வது நல்ல பயணத் தொடக்கமன்று. சிங்கப்பூர் வழியாகப் போவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். கருவியை இங்கேயே விட்டுவிட்டு, விடுமுறை நாட்களுக்கு நிக்கோடின் பட்டையும் சூயிங்கமும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டையும் பழகிப் பாருங்கள். 2 மில்லி கிராம் சூயிங்கம் தீர்ந்துபோனாலும் நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும்.