ஒன்று விழுந்தால் வாள் உடையுமா?

அன்புள்ள அண்ணா,

நண்பர்கள் ஐந்து பேர் எட்டு மாதமாக ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிவருகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவன். சண்டை நிஜம்போல இருக்கட்டுமே என்று நானாக ஒரு விதி சேர்த்தேன்: தாக்கும்போது இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும், இல்லாவிட்டால் உடையும். முதலில் எல்லோரும் ரசித்தார்கள். இப்போது ஃபைட்டராக, அதாவது வாள்வீரனாக, ஆடும் நண்பன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் அவன் பாத்திரத்தின் தாத்தா விட்டுப்போன வாள் உடைந்தது. “அடுத்த தடவை நானும் விசார்டாகவே வருகிறேன்” என்றான். விசார்ட் என்றால் மந்திரவாதி. சொந்தமாக விதி எழுதுவதே தப்பா? புத்தகத்தில் உள்ளபடிதான் ஆட வேண்டுமா?

*

அன்புள்ள தம்பிக்கு,

எழுதியது தப்பே இல்லை. இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் தன் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிநூல். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி 1971இல் வந்தது. அதில் சாதாரண வீரன் ஓர் அடி வாங்கினால் கதை முடிந்தது. பொம்மை வீரர்களைப் படையாக நிறுத்தி ஆடும்போது அது உறைக்காது. பெயர் வைத்து வாரக்கணக்கில் வளர்த்த ஆளை ஒரே உருட்டில் பறிகொடுத்தால் உறைக்கும். ஆர்னசனின் நண்பர்களுக்கு உறைத்தது. அவர் கப்பல் சண்டை விளையாட்டு ஒன்றிலிருந்து, ஒரு கப்பல் எத்தனை அடி தாங்கும் என்று கணக்கு வைக்கும் முறையை எடுத்து மனிதர்களுக்குப் பொருத்தினார். இன்று வீடியோ கேம் வரை பரவிவிட்ட ஹிட் பாயிண்ட் அப்படி நுழைந்ததுதான். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சானபோது அது புத்தக விதியாகவே ஆகிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்து அவர் விதியை மாற்றினார். எனக்கு இதில் பிடித்த இடமே அதுதான்.

இப்போது உங்கள் விதிக்கு வருவோம். பகடையில் 1 விழுவது இருபதில் ஒரு வாய்ப்பு, அதாவது 5 சதவீதம். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் யார் எத்தனை தடவை உருட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஃபைட்டர் முதல் லெவலில் ஒரு சுற்றுக்கு ஒரு தாக்குதல் செய்வான். 5ஆம் லெவலில் இரண்டு, 11இல் மூன்று, 20இல் நான்கு. ஒரு சண்டை நான்கு சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். கற்றுக்குட்டி நான்கு முறை உருட்டுவான்; ஒரு தடவையாவது 1 விழ வாய்ப்பு ஏறக்குறைய 18.5 சதவீதம். 20ஆம் லெவல் வீரன் பதினாறு முறை உருட்டுவான். அவனுக்கு 56 சதவீதம். நாடே மெச்சும் வாள்வீரன் சண்டைக்குச் சண்டை வாளைக் கீழே போடுகிறான், நேற்று வாள் பிடித்தவன் பத்திரமாக வைத்திருக்கிறான். எந்த ஊர் நிஜத்திலும் இது நடக்காது.

இன்னொன்று. விசார்ட் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை வீசும்போது, தாக்குவதற்காக இருபது முகப் பகடையைத் தொடுவதே இல்லை. தப்பிக்க உருட்ட வேண்டியவர்கள் எதிரிகள். ஆக, உங்கள் விதி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் நண்பன் விசார்டாக வருகிறேன் என்றது கோபத்தில் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இருக்கும்தான், ஆனால் கணக்கும் அவன் பக்கம்தான் இருக்கிறது.

அதனால் புது விதி எழுதும்போது, அது வந்தபின் மேஜையில் இருப்பவர்கள் எதை அதிகம் செய்வார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். நிஜம்போல இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். 2014 விதிப்படி மருந்துக் குப்பியைக் குடிக்க, ஒரு சுற்றில் செய்யக்கூடிய முக்கியச் செயலான ஓர் ஆக்‌ஷன் போய்விடும். கிடைப்பது சராசரியாக 7 ஹிட் பாயிண்ட். அதற்காக அடிக்கும் வாய்ப்பை யார் விடுவார்? எங்கள் ஆட்டத்தில் ஒருத்தியின் பாத்திரம் ஆறு குப்பிகளை வைத்துக்கொண்டே செத்துப்போனது. குடிப்பதை, அடிப்பதோடு சேர்த்தே செய்யக்கூடிய போனஸ் ஆக்‌ஷனாக மாற்றினேன். அடுத்த வாரம் பாலத்தின் மேல் சண்டை. ஒரு கையால் ஓங்கி வெட்டிவிட்டு, மறு கையில் இருக்கும் குப்பியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறேன் என்று அவள் எழுந்து நின்று நடித்தே காட்டினாள். மாற்றியது ஒரே ஒரு சொல்தான். பல மேஜைகளில் முன்பே புழங்கிய மாற்றம் இது. 2024 பதிப்பில் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

உங்கள் விதியைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் நல்ல விதை இருக்கிறது. 1 விழுந்தால் வெறும் குறி தப்பியது, அவ்வளவுதான் என்று வையுங்கள். அதன் பிறகு, உருட்டியவரிடம் கேளுங்கள்: “வாள் கைநழுவட்டுமா? சரி என்றால் ஓர் இன்ஸ்பிரேஷன் தருகிறேன்.” அதை வைத்துப் பின்னால் ஏதாவது ஓர் உருட்டில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கவும் வேண்டாம். மந்திரத்துக்கும் இதைக் கொண்டுபோகலாம்: எதிரி தப்பிக்க உருட்டி 20 விழுந்தால், மந்திரம் திரும்பி அடிக்கட்டுமா என்று விசார்டிடமும் கேளுங்கள். மூன்று வாரம் ஆடிப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா விடுவதா என்று ஐந்து பேரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

அந்த வாளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காக்க வைக்காதீர்கள். இன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, உடைந்த இரண்டு துண்டையும் எடுத்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். வைத்திருந்தால், அடுத்து நீங்கள் எல்லோரும் போகும் ஊரில் ஒரு கொல்லன் இருக்கட்டும். அவன் தாத்தாவை அறிந்த கொல்லன்.

அன்புடன்,
அண்ணன்