சிக்னல் இல்லாத வயலுக்கும் செயலி எழுதலாம்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு உரக்கடைக்கும் நெல் வியாபாரிகளுக்கும் செயலி எழுதித் தருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அண்ணா, என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். கணினிக்குள் போன் போல ஓடும் எமுலேட்டரைத் திறந்தாலே நின்றுவிடுகிறது. செயலி எழுதும் கருவியான ஃப்ளட்டரைக் கற்க வேறு லேப்டாப் வாங்கியே ஆகணுமா?

வேண்டாம் தம்பி. எமுலேட்டரை விட்டுட்டு உங்க போனையே கேபிளில் இணைங்க. செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' வரியை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணுங்க. எழுத விஎஸ் கோடு என்ற எடிட்டர் போதும். முதல் பில்டுக்கு, அதாவது எழுதியதைச் செயலியாக்க, நேரம் பிடிக்கும், பொறுத்துக்கங்க. அப்புறம் ஹாட் ரீலோடில் மாற்றம் உடனே போனில் தெரியும். போன் கணினியில் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாத்திப் பாருங்க. சார்ஜ் மட்டும் ஏத்துகிற கேபிள்கள் நிறைய இருக்கு.

திருத்துறைப்பூண்டி: அப்பா டிராக்டர் உழவு ஓட்டுகிறார். அவருக்காகக் கணக்குச் செயலி எழுதினேன். வயலில் நின்று 'சேவ்' அழுத்தினால் சுத்திக்கிட்டே இருக்கு. என்ன செய்ய?

அப்பாவுக்காக எழுதுறீங்க என்பதே சந்தோஷமா இருக்கும்மா. பதிவை சர்வருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீங்க. முதலில் போனிலேயே எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் எழுதுங்க, 'பதிவாயிற்று' என்று உடனே காட்டுங்க. சிக்னல் வரும்போது வரிசையாக மேலே அனுப்பலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணைப் போனே உருவாக்கணும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் செயலியில், பதில் வராததால் ஒருவர் பொத்தானை மூன்று தடவை அழுத்த, ஒரே உழவுக்கு மூன்று பில் விழுந்தது. அந்த விவசாயி வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். எண் போனிலேயே பிறந்திருந்தால், அதே எண் மறுபடி வரும்போது சர்வர் தள்ளிவிட்டிருக்கும். அழுத்தியதும் பொத்தானையும் முடக்கிடுங்க.

இன்னொன்று, நிலத்தை ஏக்கராக, தசமத்தில் சேமிக்காதீங்க. நம்ம டெல்டா நிலக் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூணு மா ஒரு ஏக்கர் என்பதால் ஒரு மாவை 0.33 ஏக்கர் என்று எழுதினால், வேலி 6.6 ஏக்கர்தான் வரும். ஏழு சென்ட் கிட்டக் காணாமல் போகும். குழியாக, முழு எண்ணில் வைங்க. பணத்தையும் அப்படியே பைசாவில் வைங்க.

கும்பகோணம், பாத்திரக்கடை: விண்டோஸில் பில் போட எலக்ட்ரானா, டௌரியா?

இரண்டுமே வெப் பக்கம் போல எழுதியதைக் கணினிச் செயலியாக்கும் கருவிகள். எலக்ட்ரான் ஒவ்வொரு செயலியோடும் குரோமியம் என்ற பிரவுசரையே சுமந்து வரும். டௌரி, வெப் பக்கம் காட்ட கணினியில் ஏற்கெனவே இருக்கிற வெப்வியூவையே பயன்படுத்துவதால் சின்னதாக இருக்கும், ஆனால் கொஞ்சம் ரஸ்ட் மொழி தெரிந்திருக்கணும். உங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரியும் என்றால் எலக்ட்ரானே எடுங்க. கடையில் விண்டோஸ் 7 என்றால் கவனம்: எலக்ட்ரான் 22-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது.

மயிலாடுதுறை: அண்ணே, நீளமான தமிழ்ப் பெயரை வெட்டிக் காட்டினால் புள்ளி காணாமப் போகுது. எழுத்துருக் கோளாறா?

எழுத்துரு மேல் தப்பில்லை. 'கொள்முதல்' நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 9 குறியீடு. க, ஒகரக் குறி, ள, புள்ளி என்று தனித்தனியாக நிற்கும். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் முதல் மூன்று குறியீட்டை மட்டும் எடுத்தால் 'கொள' என்றுதான் வரும், புள்ளி அந்தப் பக்கம் போய்விடும். 'கேரக்டர்ஸ்' பேக்கேஜைப் போட்டு எண்ணுங்க. 5 என்றே சொல்லும், எழுத்து உடையாது. தமிழில் செயலி போடுகிறவர்கள் முதல் நாளே இதைச் சோதிக்கணும் என்பது என் பிடிவாதம்.

பாபநாசம்: பிளே ஸ்டோரில் போட என்ன வேணும்?

ஒரே தடவை 25 டாலர். புதிதாகத் திறக்கிற தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்கணும். அதனால் இன்றைக்கே ஆள் சேருங்க. செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் லேப்டாப்பில் மட்டும் வைக்காமல் ஒரு பென் டிரைவிலும் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைங்க.