துஜியாங்யென்: ஆற்றை மறிக்காமல் பிரித்த கதை (கேள்வி பதில்)

கேள்வி: சார், துஜியாங்யென் அணையா, கால்வாயா?

பதில்: குறுக்கே மறிக்கும் அணை இல்லை, ஆற்றைப் பங்கிடும் ஏற்பாடு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மின் என்ற ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில், சின் அரசின் ஆளுநர் லீ பிங் கி.மு. 256 வாக்கில் அமைத்தது. ஆற்றின் நடுவே 'மீன்வாய்' என்ற கரை நீரை உள்ளாறு, வெளியாறு என்று பிரிக்கிறது. சற்றுக் கீழே, மிகைநீர் வழிந்தோடும் 'பறக்கும் மணல்' கலிங்கு. அதையும் தாண்டினால் மலையை வெட்டித் திறந்த 'குடுவைக் கழுத்து', அகலம் சுமார் 20 மீட்டர். செங்டு சமவெளிக்கு உள்ளாற்று நீர் போவது இந்தக் கழுத்து வழியாகத்தான்.

கேள்வி: வெடிமருந்து இல்லாத காலத்தில் மலையை எப்படி வெட்டினார்கள்?

பதில்: பாறைமேல் விறகை அடுக்கி எரித்து, பாறை சூடேறியதும் தண்ணீர் ஊற்றினார்கள். வெடிப்பு விட்ட பாறையைப் பெயர்த்தெடுத்தார்கள். எட்டு ஆண்டு பிடித்தது என்பது வழிவழிச் செய்தி.

கேள்வி: மதகுக் கதவே இல்லாமல் பங்கு எப்படி மாறும்?

பதில்: உள்ளாறு குறுகல், ஆழம். வெளியாறு அகலம், மேடு. நீர் குறைந்த நாளில் பள்ளம் தேடி 60 விழுக்காடு உள்ளாற்றுக்கு வரும். வெள்ளத்தில் அகலமான பக்கம் இழுத்துக்கொள்ளும், 60 விழுக்காடு வெளியாற்றோடு போய்விடும்.

கேள்வி: மணல் வந்து அடைக்காதா?

பதில்: இந்த அமைப்பின் உயிரே இதற்கான விடைதான். மீன்வாய் ஆற்று வளைவில் இருக்கிறது. வளைவில் மேல்நீர் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்கும், அடியில் உருளும் மணலும் கூழாங்கல்லும் எதிர்ப்பக்கம் போகும். உள்ளாறு வளைவின் வெளிக்கரைப் பக்கம் இருப்பதால் பெரும்பகுதி மணல் வெளியாற்றில் இறங்கிவிடும். தப்பி வந்ததைக் குடுவைக் கழுத்து பார்த்துக்கொள்கிறது. வெள்ளம் அந்தக் குறுகலில் முட்டித் தேங்கிச் சுழலும். சுழல் மணலைக் கிளப்பிக் கலிங்கைத் தாண்டி வெளியாற்றில் தள்ளும்.

கலிங்கின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர்தான். உயர்த்தினால் சாகுபடிக்கு நீர் கூடுமே என்ற ஆசை எல்லாருக்கும் வரும். உயர்த்தினால் மணல் வெளியேறாது, வெள்ளமும் சமவெளிக்குள் புகும். 'ஆழத் தூர்வாரு, கலிங்கைத் தாழக் கட்டு' என்று அங்கே கல்லில் வெட்டியிருப்பது இதனால்தான்.

கேள்வி: எவ்வளவு ஆழம் வாருவது என்று எப்படித் தெரியும்?

பதில்: உள்ளாற்றுப் படுகையில் இரும்புத் தண்டுகளைக் கிடத்திப் புதைத்திருக்கிறார்கள். மண்வெட்டி இரும்பில் பட்டால் நிறுத்தலாம். அதற்கு மேலே நின்றால் விதைப்புக்குத் தண்ணீர் பற்றாது, அதற்குக் கீழே போனால் வெள்ளம் உள்ளே வரும்.

மராமத்து ஆண்டுதோறும் உண்டு. பழைய முறைப்படி அக்டோபர் கடைசியில் வெளியாற்றை அடைத்து வாருவார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் அதைத் திறந்துவிட்டு உள்ளாற்றை அடைப்பார்கள். அடைக்க முக்காலியாகக் கட்டிய மரக்கால்களை வரிசையாக நிறுத்தி, கல்பாரம் ஏற்றி, மூங்கில் பாய் சார்த்திக் களிமண் அப்புவார்கள். ஏப்ரல் 5 வாக்கில், சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளில் கயிற்றை வெட்டி முக்காலிகளை இழுத்துச் சாய்த்ததும் தண்ணீர் பாயும். நீர்திறப்பு விழாவாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, கரையை மூங்கில் கூடையால் கட்டினார்களாமே, எதற்கு? கல்லாலேயே கட்டியிருக்கலாமே?

பதில்: அடியில் இருப்பது கூழாங்கல் படுகை. விறைப்பான கட்டடத்தின் அடியை நீர் அரித்தால் மொத்தமாகச் சாயும். கல் நிரப்பிய நீண்ட மூங்கில் கூடை வளைந்துகொடுத்துப் பள்ளத்தில் அமர்ந்துவிடும். சில ஆண்டில் மட்கும், மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 1335-இல் மீன்வாயில் 16,000 ஜின் (சீன நிறையளவு) எடையில் இரும்பு ஆமை வார்த்து வைத்தார்கள். அதையும் ஆறு கொண்டுபோனது.

கேள்வி: லீ பிங்கைச் சாமியாகக் கும்பிடுகிறார்களா?

பதில்: ஆம். கரையிலுள்ள இரு மன்னர் கோயில் அவருக்கும் அவர் மகன் என்று சொல்லப்படும் அர்லாங்குக்கும் உரியது. 1974-இல் ஆற்றுப் படுகையில் கிடைத்த 2.9 மீட்டர் கற்சிலையில் அவர் பெயரும் கி.பி. 168-க்குரிய ஆண்டுக் குறிப்பும் உள்ளன. பழைய குறிப்புகளில் வரும் கல்மனிதர்கள் நீரளவுகோல்கள்: வறட்சியில் பாதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, வெள்ளத்தில் தோளுக்கு மேலே ஏறக் கூடாது.

கேள்வி: 2008 நிலநடுக்கத்தில் என்ன ஆனது?

பதில்: மீன்வாயில் விரிசல் விட்டது, கோயில் கட்டடங்கள் சரிந்தன. நீர்ப்பகிர்வு நிற்கவில்லை. இப்போதைய மீன்வாய் கான்கிரீட், வெளியாற்றில் 1974 முதல் கதவுகளும் உண்டு. தூர்வாருவது மட்டும் விட்டபாடில்லை.