புதுப் பெட்டி, பழைய அச்சு: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர்களுடையவை, அதாவது விமானம், கப்பல், டாங்கி போன்றவற்றின் குட்டி வடிவங்களைப் பாகம் பாகமாக ஒட்டிச் சேர்ப்பவர்களுடையவை. இத்தனை பேர் இந்தப் பைத்தியத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். நானும் அந்தக் கூட்டம்தான். இடம் போதாததால் கடிதங்களை வெட்டியிருக்கிறேன், பெயர்களையும் போடவில்லை.

கேள்வி: நல்ல விலை கொடுத்து ஒற்றை விளிம்பு நிப்பர் (பிளாஸ்டிக் பாகங்களை வெட்டும் சிறு குறடு) வாங்கினேன். இரண்டே வாரத்தில் நுனி பெயர்ந்துவிட்டது. முரட்டுத்தனமாகப் பயன்படுத்தவே இல்லை. ஒருமுறை சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றை வெட்டினேன், அவ்வளவுதான். கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: அந்த "அவ்வளவுதான்" போதுமே! கடைக்காரர் பக்கம்தான் நியாயம். இந்த வகை நிப்பரில் ஒரு பக்கம் மட்டுமே கூர். எதிர்ப்பக்கம் தட்டையாக நின்று பிளாஸ்டிக்கைத் தாங்கும். வெட்டிய இடம் வழவழவென்று வருவதும் அந்த மெல்லிய கூரால்தான், சட்டென்று உடைவதும் அதனால்தான். பாலிஸ்டைரீன் (மாடல்களின் வழக்கமான பிளாஸ்டிக்) பாகங்களின் மெல்லிய இணைப்பை வெட்டத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உலோகம், கம்பி, தடித்த ஸ்ப்ரூ (பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) எதையும் அதன் வாயில் வைக்கக் கூடாது.

இரண்டு நிப்பர் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நிப்பரால் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி முதல் வெட்டு, மிச்சம் நிற்கும் முளைக்கு மட்டும் நல்ல நிப்பர். பித்தளைத் தகட்டுப் பாகங்களைக் கண்ணாடி போன்ற கெட்டியான பரப்பில் வைத்து, கத்தியால் அழுத்தி வெட்டுங்கள். உடைந்த நிப்பரை எறிய வேண்டாம். அதுதான் இனி உங்கள் பித்தளை நிப்பர்.

கேள்வி: விமானி அறையின் மூடியைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். காலையில் பார்த்தால் பனி படிந்ததுபோல் வெளுத்திருக்கிறது. குறை பசையிலா, பிளாஸ்டிக்கிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. சூப்பர் குளூ என்கிற சயனோஅக்ரிலேட் இறுகும்போது ஆவி விடும். அந்த ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து வெள்ளையாக இறுகிவிடும். மூடிய அறைக்குள் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். தெளிந்த பாகங்களுக்கு வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் கண்ணாடிபோல் ஆகும், வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். வெளுத்தது வெளிப்பக்கம் என்றால் 2000 எண் உப்புத்தாளில் தொடங்கி, அதைவிட மென்மையானதற்கு ஏறி, பாலிஷ் போட்டுத் தேய்த்தால் தெளியும். உள்பக்கம் என்றால் மூடியைக் கழற்றியாக வேண்டும்.

இதே தவற்றை என் முதல் விமானத்தில் செய்துவிட்டு, "உங்கள் பிளாஸ்டிக் மட்டம்" என்று தயாரிப்பாளருக்கே காட்டமாகக் கடிதம் போட்டவன் நான். அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் புது மூடி அனுப்பிவைத்தார்கள். இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசின் பாகங்களை ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. அது ஒட்டும் பசையே அல்ல. பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். ரெசின் வேறு வகைப் பொருள், அதில் கரையாது. சூப்பர் குளூ அல்லது எப்பாக்சி.

கேள்வி: 1/72 (அசலில் 72-இல் ஒரு பங்கு) விமானத்துக்குத் தவறுதலாக 1/48 காக்பிட் செட் (விமானி அறைக்கான பாகங்கள்) வாங்கிவிட்டேன். கொஞ்சம் சீவினால் பொருந்துமா? பையைக் கிழித்துவிட்டதால் விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: 72-ஐ 48-ஆல் வகுங்கள். ஒன்றரை. நீளத்தில் ஒன்றரை மடங்கு, அகலத்தில் ஒன்றரை, உயரத்தில் ஒன்றரை. கன அளவில் மூன்று மடங்குக்கும் மேல். இதில் எவ்வளவு சீவப் போகிறீர்கள்? அளவு எண் பெரிதானால் மாடல் சிறிதாகும். 1/72-இல் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த அளவையும் கணக்குப் போட்டுவிடலாம். எண் பெட்டியின் முகப்பிலேயே இருந்தது. பையைக் கிழிக்கும் முன் அதைப் படிக்க அரை நிமிடம் ஆகியிருக்குமா? விற்றவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

அடுத்த முறை வாங்கும்போது இன்னொன்றையும் படியுங்கள்: அந்த செட் எந்த நிறுவனத்தின் கிட்டுக்கு (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டிக்கு) என்று. அளவு சரியாக இருந்தும், வேறு நிறுவனத்தின் விமானத்துக்குள் நுழையாத காக்பிட்டுகள் நிறைய உண்டு.

கேள்வி: "புதிய வெளியீடு" என்று போட்டிருந்த விமான கிட்டை ஆசையாக வாங்கினேன். அட்டைப் படம் பிரமாதம். திறந்தால், தகட்டுக் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டுபவை) பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கின்றன, பாகங்களின் ஓரமெல்லாம் பிசிறு, இரண்டு பாதிகளும் சேரவில்லை. இறக்கையின் உள்பக்கம் நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் பொறித்திருக்கிறது! விற்றவர், "புதிய வெளியீடுதானே சார்" என்று சிரிக்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் பழைய காயத்தை யாரோ கீறிவிட்டதுபோல் இருந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

பிளாஸ்டிக் கிட்டை வார்க்கும் உலோக அச்சைச் செய்யப் பெரும் பணம் ஆகும், ஆனால் செய்துவிட்டால் அது பல பத்தாண்டுகள் உழைக்கும். அதனால் நிறுவனம் மூடினாலும் அச்சு சாவதில்லை; கை மாறும், வாடகைக்குப் போகும், வேறு பெயரில் மறுபடி பிறக்கும். மேட்ச்பாக்ஸ் என்ற நிறுவனத்தின் அச்சுகள் ரெவெல் என்ற இன்னொரு நிறுவனத்திடம் போய் ரெவெல் பெட்டிகளில் வந்தது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த கதை. இதில் தப்பே இல்லை. மேட்ச்பாக்ஸ் போட்ட 1/72 ஃபிளவர் வகை கார்வெட் கப்பலை ரெவெல் பெட்டியில் வாங்கி ஆசை ஆசையாகக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழைய அச்சு என்றால் மட்டமான அச்சு என்று அர்த்தமில்லை.

பழையதை மறைப்பதுதான் என் கோபம். "நியூ டூல்" என்று போட்டிருந்தால் அச்சே புதிது. "நியூ ரிலீஸ்" என்றால் பெட்டி புதிது, ஒருவேளை டீக்கலும் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் எழுத்துகள், சின்னங்கள்) புதிது, அவ்வளவே நிச்சயம். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நம் பணம் விழுந்து தொலைகிறது. அட்டையின் ஓரத்தில் இருக்கும் பதிப்புரிமை வருடத்தையும் நம்பாதீர்கள், பல சமயம் அது படத்துக்கான வருடம். பாகத்தில் பொறித்த வருடத்துக்குத்தான் மதிப்பு. மருந்துப் பட்டையில் தேதி போடுகிறார்கள். கிட் பெட்டியில் "அச்சு செய்த ஆண்டு" என்று ஒரே ஒரு வரி போட என்ன கேடு? மை தீர்ந்துவிடுமா?

வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஓவியத்தை அல்ல, ஸ்ப்ரூவின் புகைப்படத்தை. விற்பவரிடம் கேளுங்கள், தர மறுத்தால் அதுவே பதில். கோடுகள் மேடாக இருந்தால் பெரும்பாலும் 1960கள், 70களின் அச்சு. அந்தக் காலத்து அச்சில் மேடாக வார்ப்பது எளிது, ஏனென்றால் அச்சில் பள்ளம் தோண்டினால் பாகத்தில் மேடு வந்துவிடும். ஓரத்தில் தோல்போல் பிதுங்கும் பிசிறு, அச்சு தேய்ந்ததன் அடையாளம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்திலோ ரசீதிலோ "புதிய அச்சு" என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் படத்தையும், பொறித்த வருடத்தின் படத்தையும் சேர்த்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பாகம் எதையும் வெட்டாதீர்கள். வெட்டாத கிட்டுக்கு வாதாடவும் பலம் உண்டு, விற்கவும் விலை உண்டு. "புதிய வெளியீடு" என்பது மட்டும்தான் என்றால், சட்டப்படி அவர் நழுவக்கூடும். ஆனாலும் கேளுங்கள். அந்தச் சிரிப்புக்காகவாவது கேளுங்கள்.

கேள்வி: 52 கருவிகள் கொண்ட மாடல் பெட்டி தள்ளுபடியில் வருகிறது. நான் புதியவன்.

பதில்: வேண்டாம். நிப்பர், கத்தியும் மாற்று அலகுகளும், நல்ல இடுக்கி, 400 முதல் 1000 வரை உப்புத்தாள், நீர்போல் மெல்லிய சிமெண்ட், வெட்டும் விரிப்பு. முதல் ஐந்து மாடலுக்கு இவை போதும். மீதியை வேலையே கேட்கும், அப்போது வாங்குங்கள். என் இழுப்பறையில் பேட்டரியில் ஓடும் குட்டித் தேய்ப்பு இயந்திரம் ஒன்று தூங்குகிறது. அது சுழலும் வேகத்தின் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, இறக்கையில் பள்ளம் விழுந்ததுதான் நான் கண்ட பலன்.

கேள்வி: நுணுக்கமான வேலைக்கு 000 தூரிகையா, இன்னும் சிறியதா?

பதில்: 1 அல்லது 2, நுனி கூராகச் சேர்வதாகப் பார்த்து வாங்குங்கள். 000 தாங்கும் துளிப் பெயிண்ட் மாடலைத் தொடும் முன்பே காய்ந்துவிடும்.

கேள்வி: வாலெஹோ மாடல் கலர் பெயிண்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்தேன். பால் திரிந்ததுபோல் ஆகிவிட்டது. போலிச் சரக்கை விற்றுவிட்டார்களா?

பதில்: சரக்கு சரி, கலவை தப்பு. "அக்ரிலிக்" என்ற ஒரே பெயரில் இரண்டு சாதிப் பெயிண்ட் விற்கிறார்கள். டமியா அக்ரிலிக் ஆல்கஹாலை ஏற்கும். வாலெஹோ போன்ற நீர் வகை ஏற்காது, கட்டிதட்டிவிடும். திரிந்ததைக் கொட்டிவிட்டு, ஏர்பிரஷை (காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) காய்வதற்குள் கழுவுங்கள். பெயிண்ட் எந்த நிறுவனமோ தின்னரும் அதே நிறுவனத்துடையதை வாங்குவதுதான் பத்திரம். கொஞ்சம் விலை கூடத்தான்.

கேள்வி: ஏர்பிரஷ் வாங்கப் போகிறேன். பிடியிலேயே பேட்டரி மோட்டார் வைத்த கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? நாசில் (பெயிண்ட் வெளிவரும் துளைமுனை) என்ன அளவு?

பதில்: முதலில் என் கதை. காற்றுத் தொட்டி இல்லாத கம்ப்ரசர் ஒன்றை, மேசையில் இடம் அடைக்காது என்று ஆசைப்பட்டு வாங்கினேன். தொட்டி இல்லாததால் பிஸ்டன் அடிக்கும் ஒவ்வோர் அடியும் காற்றில் துடிப்பாகவே வந்தது, கோடு போட்டால் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் இல்லை. முடியப் போகும் இறக்கையில் ஒருநாள் தண்ணீர் துப்பியது. அப்புறம் தொட்டி உள்ளதை வாங்கினேன். முதலாவது இப்போது கதவு மூடாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது.

பேட்டரி வகைகளில் பலவற்றில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. பிரைமர் (அடிப் பூச்சு) அடிக்க, ஒரே நிறம் பூச ஓடும். மெல்லிய கோடுகளுக்கு ஏமாற்றும். கூடவே விற்கும் காற்று டப்பாவும் வேண்டாம். அடிக்க அடிக்க டப்பா குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடும். தொட்டி, அழுத்தம் காட்டும் மீட்டரோடு ரெகுலேட்டர், ஈர வடிகட்டி, இந்த மூன்றும் இருக்கும் கம்ப்ரசரைப் பாருங்கள். மாடலுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) போதும். ஏர்பிரஷ் இரட்டைச் செயல் வகை (காற்றையும் பெயிண்டையும் ஒரே விசையில் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவது), மேலே கிண்ணம், 0.3 மி.மீ. நாசில். 0.2 எடுத்தால் அடைப்பு எடுப்பதே வேலையாகிவிடும்.

வந்தபின் கிண்ணத்தில் குமிழி கிளம்பினால் உடனே "பழுது" என்று திருப்பி அனுப்பாதீர்கள். நாசில் சரியாக அமரவில்லை, அடைத்திருக்கிறது, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் பெரும்பாலும் நாமே முறுக்கி இறுக்கியதால் வருவது.

கேள்வி: லாக்கர் (கரைப்பான் கலந்த பெயிண்ட்) அடிக்கும்போது துணி மாஸ்க் போடுகிறேன். போதுமா?

பதில்: போதாது. துணி தூசியையே சரியாகப் பிடிக்காது, ஆவியை எப்படிப் பிடிக்கும்? கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள மாஸ்க் வாங்குங்கள். வாசனை தெரியத் தொடங்கினால் வடிகட்டியின் ஆயுள் முடிந்தது. காற்று வெளியே போகவும் வழி வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது தூசிக்கான மாஸ்க், கூடவே தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. ஏர்பிரஷுக்குக் காசு இருக்கிறது, மாஸ்க்குக்கு இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு, "முழுமையானது, பிரிக்காதது" என்று சொன்ன பழைய டாங்கி கிட்டை வாங்கினேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு ஸ்ப்ரூவே இல்லை என்கிறான். டீக்கல் தாள் மஞ்சளாக இருக்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: அம்மா, தப்பு உங்களுடையது இல்லை. "முழுமையானது" என்று சொல்லி விற்றவர் ஸ்ப்ரூக்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த விளம்பரத்தை இப்போதே படமெடுத்து வையுங்கள், அழித்துவிடுவார். வாங்கியது ஒரு விற்பனைத் தளம் வழியாக என்றால், அங்கே புகார் கொடுக்க நாள் கணக்கு உண்டு. அவர் போனை எடுக்கும்வரை காத்திருந்தால் அந்தக் கெடு போய்விடும். விளம்பரத்தின் படம், வந்த பெட்டியில் இருந்தவற்றின் படம், செய்முறைத் தாளில் ஸ்ப்ரூ பட்டியல் இருக்கும் பக்கத்தின் படம், இந்த மூன்றையும் சேர்த்து இன்றே அனுப்புங்கள்.

தயாரிப்பாளருக்கும் ஒரு வரி போடலாம். காணாத ஸ்ப்ரூவின் எழுத்தையும் கிட் எண்ணையும் குறிப்பிடுங்கள். அந்த அச்சில் இன்னும் வார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. உதிரிக்கான பணம் கேட்பார்கள்.

டீக்கலைப் பற்றித் தம்பி கவலைப்பட வேண்டாம். தாளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில், படம் வெளியே பார்க்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். சில நாள், சில சமயம் சில வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். அப்புறம் தேவையில்லாத ஒரு டீக்கலை மட்டும் தண்ணீரில் போட்டுப் பார்க்கட்டும். உடைந்து சிதறினால், மீதித் தாள் முழுக்க டீக்கலுக்கான திரவப் படலத்தை ஒரு கோட் பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். மாடலில் ஒட்டும் முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் அடித்திருப்பது முக்கியம். மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி வெள்ளியாகத் தெரியும். புகாருக்குப் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.