வாசகர் கேள்வி பதில்: ஜான் ஃபோர்டோட அண்ணன்

போன இதழ்ல "தி குவயட் மேன்" படத்த பத்தி எழுதும்போது, அதுல வெள்ளத் தாடியோட வர்ற தாத்தா அந்தப் பட டைரக்டர் ஜான் ஃபோர்டோட கூடப் பொறந்த அண்ணன் பிரான்சிஸ் ஃபோர்ட்னு ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியப் புடிச்சுக்கிட்டுதான் இந்த தடவ நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால இந்த இதழ் முழுக்க அவரப் பத்தியே வச்சுக்கலாம்.

எந்தத் தாத்தாவ சொல்றீங்க? ரெண்டு நிமிஷம் வர்றவருக்கு இவ்ளோ பில்டப் எதுக்கு?
- வாசகர், திருச்சி

சாகக் கிடப்பாரே, பக்கத்துல ஒரு சாமியார் உக்காந்து ஜெபம் படிச்சிட்டிருப்பாரே, வெளிய ஜான் வெய்ன் சண்ட போடுற சத்தம் கேட்டதும் எந்திரிச்சு பேன்ட்ட மாட்டிக்கிட்டு ஓடுவாரே, அவரேதான். படம் 1952-ல வந்துச்சு, அப்ப அவருக்கு வயசு எழுபத தாண்டியாச்சு, அடுத்த வருஷம் 1953 செப்டம்பர்ல கேன்சர்ல போய்ட்டார். ஆனா அதே மனுஷன் 1914, 15-ல அமெரிக்கா பூரா தெரிஞ்ச ஹீரோ. நடிச்சது 400 படத்துக்கு மேல, டைரக்ட் பண்ணது 150-க்கு மேல. அந்தக் காலத்துப் படம்னா ஒரு ரீல் ரெண்டு ரீல்தான், ஒரு ரீல் ஓடுறதே பத்து பதினஞ்சு நிமிஷம், அதனாலதான் எண்ணிக்கை இப்டி வருது. ஆனா ஒவ்வொன்னுக்கும் கதை புடிச்சு, ஆள் சேர்த்து, குதிரைய ஓட்டி, கேமரா எங்க வைக்கணும்னு யோசிச்சு எடுத்ததுதானே. இன்னிக்கு ஹாலிவுட்னு நாம சொல்ற விஷயத்தக் கட்டுன முதல் கூட்டத்துல அவர் ஒருத்தர், பில்டப் எல்லாம் இல்லங்க.

சினிமாவுக்குள்ள எப்டி வந்தார்? குடும்பமே சினிமா குடும்பமா?
- வாசகி, கும்பகோணம்

இல்லவே இல்ல. அப்பா அயர்லாந்துல கால்வே பக்கத்துல ஸ்பிடல்ங்கிற ஊர்லேர்ந்து பொழப்பு தேடி அமெரிக்கா வந்தவர், மெய்ன் மாநிலத்துல போர்ட்லேண்ட்ல சாராயக்கட வச்சிருந்தார். 1881-ல அங்கதான் பிரான்சிஸ் பொறந்தார், குடும்பப் பேரு ஃபீனி. ஃபோர்ட்ங்கறது அவரா வச்சுக்கிட்ட பேரு, பின்னாடி தம்பியும் அதே பேர எடுத்துக்கிட்டார், அதாவது உலகமே ஜான் ஃபோர்ட்னு சொல்ற பேருல பாதி அண்ணன் குடுத்தது.

நியூயார்க் பக்கம் சுத்திட்டு இருந்தவர் கஸ்தோன் மெலியெஸ் கம்பெனில சேர்ந்தார். நிலாவுக்கு ராக்கெட் விட்ட பிரெஞ்சுப் படத்த எடுத்தாரே ஜார்ஜ் மெலியெஸ், அவரோட அண்ணன்தான் இந்த கஸ்தோன். அவர் 1910-ல டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுக்குப் போய் கவ்பாய் படமா எடுத்துத் தள்ளிட்டிருந்தார், பிரான்சிஸ் அங்க நடிச்சுப் பழகி, அப்புறம் கலிபோர்னியா போய் தாமஸ் இன்ஸ் கிட்ட சேர்ந்தார். இன்ஸ் ஸ்டூடியோவ ஃபேக்டரி மாதிரி நடத்துனவர், ஸ்கிரிப்ட்ட முன்னாடியே பக்காவா எழுதி வச்சு ஒரே நேரத்துல பல யூனிட்ட ஓட விட்டவர். 1912-ல வந்த "தி இன்வேடர்ஸ்" அங்கதான் எடுத்தாங்க, பிரான்சிஸ் கோட்டைக்குத் தலைவரான கர்னலா நடிச்சிருப்பார், டைரக்‌ஷன்லயும் அவர் கை இருக்கு. செவ்விந்தியரா வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க நெஜமாவே லகோட்டாங்கிற செவ்விந்திய இனத்து மக்கள், மூஞ்சில பெயின்ட் அடிச்ச வெள்ளக்காரங்க இல்ல, அவங்க ஏமாத்தப்பட்டதயும் படம் மறைக்காம காட்டுது, 1912-ல அது சாதாரண விஷயமே இல்ல. ஆனா இன்ஸ் கிட்ட ஒரு கொறை, யார் உழைச்சாலும் பேரு அவருக்குதான் போகும். பிரான்சிஸ் 1913-ல கிளம்பி யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போய்ட்டார்.

அங்கதான் கிரேஸ் குனார்ட் கூட ஜோடி சேர்ந்தார். அந்தம்மா வெறும் ஹீரோயின் இல்ல, கதை எழுதுவாங்க, டைரக்ட் பண்ணுவாங்க, எடிட்டிங்லயும் உக்காருவாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து 1914-ல "லூசில் லவ்" எடுத்தாங்க, 15 எபிசோட், யுனிவர்சலோட முதல் சீரியலே அதுதான். வாரம் ஒரு எபிசோட் தியேட்டர்ல வரும், அடுத்து என்ன ஆச்சோன்னு ஜனங்க காத்துக் கிடப்பாங்க. அடுத்த வருஷம் "தி புரோக்கன் காயின்" 22 எபிசோட், அப்புறம் சர்க்கஸ் பின்னணில ஒன்னு, பாரீஸ் திருடிய வச்சு "தி பர்ப்பிள் மாஸ்க்"னு ஒன்னு. இந்த மூணு நாலு வருஷம்தான் அவரோட உச்சம்.

தம்பிக்கு வாய்ப்பு குடுத்ததே இவர்தானா?
- வாசகர், கோயம்புத்தூர்

ஆமா. தம்பி ஜான் கிட்டத்தட்ட 13 வயசு சின்னவர். ஸ்கூல் முடிச்சிட்டு 1914-ல அண்ணன தேடி கலிபோர்னியா வந்தார். செட்ல சாமான் தூக்குறது, வெடி வைக்கிறது, அசிஸ்டென்ட், சின்ன சின்ன வேஷம், அண்ணனுக்கே டூப் போட்டு குதிரைலேர்ந்து விழறது, எல்லா வேலையும் பாத்துதான் கத்துக்கிட்டார். 1917-ல "தி டொர்னேடோ"ங்கிற ரெண்டு ரீல் படத்துல டைரக்டர் ஆனார். பல வருஷம் கழிச்சு ஒரு பேட்டியில, சினிமாவுல என்ன பாதிச்சவர்னா அது என் அண்ணன் ஒருத்தர்தான், அவருக்கு நடிப்பு, கேமரா, ஓவியம், மியூசிக் எல்லாமே வரும், ஆனா ஒரே விஷயத்துல ரொம்ப நாள் நிக்க மாட்டார்ங்கற மாதிரி சொல்லியிருக்கார். ஜான் ஃபோர்ட் யாரையும் லேசுல பாராட்டுற ஆளு கிடையாது, அதனால இத நான் பெருசா எடுத்துக்கறேன்.

இவ்வளவு படம் எடுத்தவர் எண்டா அந்தப் படங்கள் எல்லாம் இப்ப எங்க? தேடிப் பாத்தன், பெரும்பாலும் ஒண்டும் கிடைக்கேல்ல.
- வாசகர், யாழ்ப்பாணம்

எனக்கு மனசு ரொம்ப கனக்குற கேள்வி இது. பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட்ல செஞ்சது, பட்டுன்னு தீப்புடிக்கும், ஒழுங்கா வைக்கலன்னா டப்பாக்குள்ளேயே பொடியாயிடும். அது மட்டும் இல்ல, பேசும் படம் வந்ததும் பழசுக்கு மார்க்கெட்டே இல்லாம போச்சு, வைக்கிற செலவு எதுக்குன்னு நெனச்சாங்க, ஃபிலிம்ல இருக்கற வெள்ளிய உருக்கி எடுத்தாலாவது காசு வரும். யுனிவர்சலே 1948-ல தன்கிட்ட மிச்சம் இருந்த ஊமைப் பட பிரின்ட்டுங்கள வேணும்னே அழிச்சுது. பிரான்சிஸோட நல்ல வருஷங்க பூரா யுனிவர்சல்லதான்னு மேல சொன்னேன்ல, நீங்களே யோசிச்சுப் பாருங்க. 2013-ல அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, அமெரிக்க ஊமைப் படங்கள்ல முழுநீளப் படங்கள மட்டும் எடுத்துக்கிட்டாலே சுமார் 70 சதவீதம் மொத்தமா காணோம்.

ஆனா ஒரு நல்ல சேதியும் இருக்கு. 2006-ல நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு பழைய கொட்டகைய இடிக்கறதுக்கு முன்னாடி உள்ள இருந்த சாமான காலி பண்ணிட்டிருந்த காண்ட்ராக்டர் கைல ஃபிலிம் டப்பாங்க சிக்குச்சு. அதுல ஒன்னுதான் 1913-ல பிரான்சிஸ் டைரக்ட் பண்ணி, அவரே லிங்கனா நடிச்ச "வென் லிங்கன் பெய்ட்". வேற எங்கயும் பிரின்ட் இருக்கறதா யாருக்கும் தெரியாத படம். அந்த மனுஷன் குப்பைல போடாம பக்கத்துல கீன் ஸ்டேட் காலேஜுக்குக் குடுத்தார், அவங்க உதவித்தொகை வாங்கி சரி பண்ணி 2010-ல திரையிட்டாங்க. அவர் மட்டும் அன்னிக்கு அவசரத்துல லாரில ஏத்தி விட்டிருந்தா இந்தப் படமும் போயிருக்கும்.

தம்பி படத்துல அண்ணனுக்கு குடிகாரன், கோமாளி வேஷம்தான். நாலு ஆஸ்கர் வாங்குன தம்பி இப்டி பண்ணலாமா? அவமானம் இல்லையா?
- வாசகி, சேலம்

உங்க கோவம் புரியுது, நானும் ரொம்ப நாள் அப்டிதான் நெனச்சேன். முதல்ல நிலவரத்த பாருங்க, 1917-ல சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார், ஸ்டூடியோகூட வச்சார், நிக்கல. குனார்ட் கூட கூட்டணியும் முடிஞ்சுது. அப்புறம் சின்ன பட்ஜெட் படமா எடுத்து 1928-ல டைரக்‌ஷனே நின்னு போச்சு, வயசு 47. அதுக்கப்புறம் எந்த ஸ்டூடியோல கூப்பிட்டாலும் போய் நடிச்சார், 1931 "ஃபிராங்கன்ஸ்டைன்"ல கூட ஊர்க்காரங்கள்ல ஒருத்தரா இருக்கார், டைட்டில்ல பேரு கிடையாது. வேலை வேணும், தம்பி குடுத்தார், அது ஒரு பக்கம். செட்ல தம்பி வாய் ரொம்ப மோசம்னும் ஊருக்கே தெரியும், அதையும் நான் மறைக்கல.

ஆனா 1939-ல வந்த "யங் மிஸ்டர் லிங்கன்" பாருங்க. ஊமைப் பட காலத்துல லிங்கன் வேஷம் கட்டுன அண்ணன இதுல சாம் பூன்ங்கிற குடிகாரனா ஜூரி தேர்வுக்கு நிக்க வச்சிருக்கார் ஜான். லிங்கனா வர்ற ஹென்றி ஃபோண்டா கேப்பார், குடிப்பியா, சர்ச்சுக்குப் போவியா, வேலை வெட்டி இருக்கான்னு, இவர் எதையும் மறைக்காம உள்ளத உள்ளபடி ஒத்துக்குவார், இவ்ளோத்தையும் ஒத்துக்கறவன் யோக்கியனாதான் இருக்கணும்னு லிங்கன் அவர ஜூரில உக்கார வச்சிடுவார். கோர்ட்டே சிரிக்கும், ஆனா மானம் போன மாதிரி இருக்காது, அங்க இருக்கற பெரிய மனுஷங்கள விட அவர்தான் நேர்மையானவர்னு படமே சொல்லிடுது. இத அவமானம்னு என்னால சொல்ல முடியல. வசனம் கம்மியா இருந்தாலும் அவர் சும்மா நிக்கவே மாட்டார், மெல்லுவார், துப்புவார், தொப்பிய நோண்டுவார், ஓரத்துல நின்னாலும் அந்த ஆளுக்கு ஒரு முழு வாழ்க்கை இருக்குன்னு நமக்குத் தெரியும். "ஜட்ஜ் பிரீஸ்ட்"ல (1934) ஜூரில உக்காந்து புகையிலைய, எச்சில் துப்பறதுக்குன்னே வச்சிருக்கற சட்டில துப்புறத வச்சே ஒரு சீன தன் பக்கம் இழுத்துடுவார். முன்னாடி ஹீரோவா இருந்தவர் இதுக்குக் கூச்சப்படாம வேலைய இவ்ளோ அக்கறையா செஞ்சிருக்காரே, எனக்கு அதுலதான் அவர் மேல மரியாதை கூடுது.

அவர் சீரியலெல்லாம் நம்ம ஊருக்கு வந்துச்சா?
- வாசகர், சென்னை

அமெரிக்க சீரியலுக்கு ஊமைப் பட கால சென்னைல நல்ல மவுசு இருந்துச்சு, முக்கியமா சீரியல்ல சாகசம் பண்ற நடிகர் எடி போலோவுக்கு. அந்த எடி போலோ பேர் வாங்க ஆரம்பிச்சதே பிரான்சிஸ் எடுத்த "தி புரோக்கன் காயின்"ல நடிச்ச அப்புறம்தான்.

எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்?
- வாசகி, மதுரை

தம்பி படத்துல ஆரம்பிக்காதீங்க. வில்லியம் வெல்மன் எடுத்த "தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்" (1943) பாருங்க, கும்பல் ஒன்னு விசாரணையே இல்லாம மூணு பேர தூக்குல போடப் போற கதை, அந்த மூணு பேர்ல புத்தி தடுமாறுன கிழவரா பிரான்சிஸ். டானா ஆண்ட்ரூஸ், ஆண்டனி குயின் பக்கத்துல நின்னும் நம்ம கண்ணு இவர் மேலயேதான் போகும். அப்புறம் "யங் மிஸ்டர் லிங்கன்", "ஸ்டேஜ்கோச்". இதெல்லாம் பாத்து மூஞ்சி மனசுல நின்னதுக்கு அப்புறம் "தி இன்வேடர்ஸ்" போடுங்க, முப்பது வயசுல நிமிந்து நிக்கிற கர்னல் அவரேதான், முக்கால் மணி நேரம்கூட இல்ல, காப்பிரைட் முடிஞ்சதால நெட்லயே கிடைக்கும்.