பேஸ்லைனை யார் வரைவது?

ஐயா,
கரைப்பான் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பல வருடங்களாக கேஸ் குரோமட்டோகிராபி (சாம்பிளை ஆவியாக்கி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) பார்க்கிறேன். ஆட்டோசாம்ப்ளர் சாம்பிளைத் தானாக ஊசி போடுகிறது, பிரிந்து வருவதைச் சுடரில் எரித்து எஃப்ஐடி டிடெக்டர் அளக்கிறது, மென்பொருள் கணக்குப் போடுகிறது. தூய்மை 99.9 சதவீதம் என்று வந்ததும் கையெழுத்திடுகிறேன். இதில் எனக்கு என்ன வேலை? சம்பளமும் ஏறவில்லை. டேட்டா சயின்ஸ் பக்கம் போய்விடலாமா?
எம்.

அன்புள்ள எம்.,

சம்பளம் உங்கள் வீட்டுக் கணக்கு, நான் சொல்ல ஒன்றுமில்லை. டேட்டா சயின்ஸ் படிக்க ஆசையென்றால் படியுங்கள். ஆனால் "இதில் எனக்கு என்ன வேலை" என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. இத்தனை வருடம் அந்தக் கருவியின் பக்கத்தில் நின்றவர் எழுதுகிற வரியா இது?

1952-இல் ஜேம்ஸும் மார்ட்டினும் இந்த முறையை வெளியிட்டபோது, குழாயின் முனையில் வந்த கொழுப்பு அமிலங்களை டைட்ரேஷன் செய்துதான் அளந்தார்கள். பிறகு டிடெக்டர் காட்டுவதைக் காகிதத்தில் கோடாக வரையும் ரெக்கார்டர் வந்தது. ஒவ்வொரு பொருளும் வரும்போது கோடு மேடாக எழும்; அதுதான் பீக். அதன் பரப்பை வைத்துத்தான் பொருளின் அளவு. காகிதத்தில் விழுந்த பீக்கைக் கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் எடை போட்டுப் பரப்பைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. எங்கே வெட்டுவது என்பதை அவர்கள் கண்தான் முடிவு செய்தது. இன்று மென்பொருள் வெட்டுகிறது. இப்படி வெட்டு என்று அதற்குச் சொல்லிவைத்தவர் யார்?

பெரிய கரைப்பான் பீக்கின் வாலில் ஒரு சின்ன மாசு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து செங்குத்தாகக் கோடு இறக்கினால் மாசு ஓர் அளவு. வாலை ஒட்டிச் சாய்வாகச் சீவினால் அது வெகுவாகக் குறைந்துவிடும். சாம்பிள் அதேதான், ஊசி போட்டதும் ஒரே தடவைதான். ஒரு கோட்டில் லாட் (அந்தத் தொகுதிச் சரக்கு) பாஸ், இன்னொரு கோட்டில் ஃபெயில். எந்தக் கோடு என்பதைப் பீக்கின் வடிவத்தைப் பார்த்து, முடிவு தெரியும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கவே மாட்டார். "நம்பர் அப்புறம், முதலில் படத்தைக் காட்டு" என்பார். ஒரு மாதக் கடைசியில் லாரி வாசலில் நிற்க, மேலாளர் வந்து, "அந்த ஒரு பீக்கை மட்டும் கொஞ்சம் சீவிவிடும்மா" என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. பழைய லாட்டுகளின் படங்களை மேசையில் விரித்தார். "எல்லாவற்றுக்கும் நேராகத்தான் இறக்கியிருக்கிறோம் சார். இன்றைக்கு மட்டும் மாற்றினால் அதற்குப் பெயர் அளவீடு இல்லை." லாரி காலியாகத் திரும்பியது. அந்த வருடம் அவருக்கு ஊதிய உயர்வும் இல்லை. அவரை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. தம்பி, அந்த நாற்காலியில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நாளைக்கே பழைய படங்களைத் திறந்து, பெரிதாக்கி, முக்கிய பீக்கின் அடிவாரத்தைப் பாருங்கள். பேஸ்லைன், அதாவது பீக்கின் அடிக்கோடு, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அந்த அமைப்பைக் கடைசியாக மாற்றியது யார், ஏன் மாற்றினார் என்று விசாரியுங்கள்.

இன்னொன்று. எஃப்ஐடிக்குத் தண்ணீர் தெரியாது. உங்கள் 99.9 அது பார்த்தவற்றில் மட்டும் 99.9. தண்ணீரை அளப்பதற்கென்றே உள்ள கார்ல் ஃபிஷர் சோதனையில் அதைத் தனியாகப் பார்க்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.